எண்பத்தொன்றாவது கிலுகிலுப்பை

ஆரம்பிக்கும் முன் ஒரு சின்ன வேண்டுகோள், மாஜிஸ்திரேட் அம்மா. என் வீட்டிலிருந்து எடுத்துவந்த தொட்டிகளைக் காவல் நிலையத்து வராந்தாவில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். அங்கே ஓர் ஏட்டு காலையும் மாலையும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறார். நல்ல மனிதர்தான். வீட்டில் ரோஜா வளர்க்கிறாராம். ரோஜா வளர்ப்பவர்களுக்குச் செடியைப் பற்றி எவ்வளவு தெரியுமோ அவ்வளவு அவருக்கும் தெரியும். அந்தச் செடிக்கு ஈரம் ஆகாது, வேர் அழுகிவிடும். அழுகினால் உங்கள் வழக்குக்குத்தான் நஷ்டம். யாராவது அவரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் எச்சரித்ததைக் கேட்டுக்கொண்டேன். நான் எதையும் சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை. சொன்னால் அது எனக்கு எதிராகவே பயன்படும். சுத்தமான வாசகம். கூடுதலாக ஒரு சொல் இல்லை. இந்த ஊரில் இப்படிப் பேசுகிறவர்களைச் சந்தித்து வெகு நாளாயிற்று. என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. காலையில் இட்லி சாப்பிட்டேன். உங்கள் எழுத்தரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

என் பெயர் பரணிதரன். வீடு தாராசுரத்தில். கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். கற்பித்தேன் என்று சொல்வது பழக்கம். பையன்களுக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தேன் என்பதே பொருத்தம். அவர்களில் பாதிப்பேர் இன்று வங்கியில் இருக்கிறார்கள். மீதிப்பேர் வாத்தியார்களாகி, நான் சொன்னதைத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். என் மனைவி பெங்களூருக்கு, மகன் வீட்டோடு போய்விட்டாள். என்னோடு பேசினால் பரீட்சை எழுதுவதுபோல் இருக்கிறது என்றாள். அவள் நன்றாக எழுதியதும் இல்லை.

என் வேலை கிலுகிலுப்பை. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன் வயலில் சணப்பு விதைத்து, பூக்கிற நேரத்தில் தழையுரத்துக்காக மடக்கி உழுகிறார்களே, அந்தச் சணப்பு இந்தப் பேரினத்தில் ஒன்று. மஞ்சள் பூ, ஊதிய காய். காய் காய்ந்தபின் ஆட்டினால் உள்ளே விதைகள் கிலுகிலுக்கும். ஜனங்கள் மஞ்சளாக ஒரு பூவைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவர்களை மன்னிக்கலாம். படித்தவர்கள்தான் மோசம். இலையில் ரோமம் கூடுதலாக இருந்தால் ஒரு புதுச் சிற்றினம், காய் கொஞ்சம் நீண்டிருந்தால் இன்னொன்று, மாமனார் பெயரை வைக்க ஆசைப்பட்டால் மூன்றாவது. இப்படி இந்தியாவில் கிலுகிலுப்பைக்கு நூற்றுக்கு மேல் பெயர்களைக் குவித்துவைத்திருந்தார்கள். நான் நாடு முழுக்க உள்ள உலர்செடித் தாள்களைப் பார்த்தேன். காய்ந்த பூக்களை வெந்நீரில் ஊறவைத்து, இதழ் இதழாகப் பிரித்து, வரைந்து, ஒப்பிட்டேன். என் வாழ்நாளின் நல்ல பகுதி அதில் போயிற்று. கடைசியில் எண்பது என்று முடித்தேன். எண்பது சிற்றினங்கள், அவற்றைப் பிரித்தறிய ஒரு திறவுகோல். அந்தப் புத்தகம்தான் இந்தப் பேரினத்துக்கு இந்த நாட்டில் கடைசி வார்த்தை. நான் சொல்லவில்லை, மதிப்புரையில் எழுதினார்கள். எழுதியவர்கள் அரைகுறைகள். அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் தவறவில்லை.

எழில்மொழி என்னிடம் கடைசியாக ஆராய்ச்சி செய்த மாணவி. குடவாசலுக்கு அந்தப் பக்கம் செம்பியநத்தம் என்ற ஊர். அப்பா கோவிந்தராசு மஸ்கட்டில் கட்டட வேலை பார்க்கிறார். அம்மா அமிர்தம் குத்தகை நிலத்தில் நெல் போட்டு, ஆடு வளர்த்து, இவளைப் படிக்கவைத்தாள். செருப்பில் எப்போதும் சேற்றோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவாள். இளங்கலையிலிருந்தே என் வகுப்பு, பிறகு என் ஆய்வுக்கூடம் என்று பன்னிரண்டு வருஷம் என்னிடம் இருந்தாள். ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதச் சொன்னால் எனக்குத் தலைவலி வரும். ஆனால் கண் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. கண் ஆட்டுக்கும் இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வைகாசியில், ஈரச் செய்தித்தாளில் சுற்றிய ஒரு செடியோடு வீட்டுக்கு வந்தாள்.

"சார், இது உங்க எண்பதுல எதுலயும் அடங்கல."

அப்போது என் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போயிருந்தது. செடியை வாங்கிப் பார்த்தேன். பார்வைக்கு என் புத்தகத்தில் நாற்பத்து மூன்றாவதாக வரும் செடியைப் போலவே இருந்தது. நம் பக்கத்து வாய்க்கால் மேடுகளில் சாதாரணமாக முளைப்பது அது. ஆடு மேயும், மூட்டு வலிக்கு ஜனங்கள் அதன் இலையில் கஷாயம் வைத்துக் குடிப்பார்கள். எழில்மொழி லென்ஸை என் பக்கம் நகர்த்தினாள்.

"படகிதழோட மூக்கைப் பாருங்க சார். நாப்பத்து மூணுல நேரா நிக்கும். இதுல முறுக்கியிருக்கு. அதோட இன்னொண்ணு சார், வாய்க்கா மேட்டுல இதைத் தின்ன ஆடெல்லாம் வயிறு உப்பிச் சாவுது. அந்தப் பழைய செடிய எத்தனையோ வருஷமா மேயுதுங்க, ஒண்ணும் ஆனதில்ல."

கிலுகிலுப்பைப் பூவின் கீழிதழ்கள் இரண்டும் ஒட்டி ஒரு படகுபோல இருக்கும், அம்மா. அந்தப் படகின் நுனியைத்தான் மூக்கு என்றாள். நான் லென்ஸ் வைத்து வெகு நேரம் பார்த்தேன். பிறகு, இது நாற்பத்து மூன்றுதான், வெயிலில் வாடினால் மூக்கு முறுக்கும் என்றேன். தாவரவியலை ஆட்டிடம் கேட்டுப் படிக்காதே என்றும் சொன்னேன். அவள் செய்தித்தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். மேசையில் சில முற்றிய காய்கள் உதிர்ந்துகிடந்தன.

போனவள் சும்மா இருக்கவில்லை. கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். யோசித்துப் பாருங்கள். இமயமலைச் சரிவில் ஒன்று என் கண்ணுக்குத் தப்பியிருந்தால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். குடவாசலில், டவுன் பஸ் போகிற தூரத்தில், ஆடு மேய்கிற வாய்க்கால் மேட்டில் தப்பிவிட்டது என்றால், நான் எண்ணிக்கையிலிருந்து நீக்கிய ஒவ்வொரு பெயரையும் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு மடையனும் வருவான்.

அதனால் செம்பியநத்தம் போனேன். என் மாணவியின் ஊருக்கு நான் போவதில் தப்பில்லையே. அமிர்தம் கால் வலியோடு எழுந்து வந்து வரவேற்றாள்.

"வாங்க சார், இந்த வெயில்ல வந்திருக்கீங்க. ஒரு வாய் மோர் குடிங்க."

மோர் கொடுத்துவிட்டு, எழில்மொழி பக்கத்தில் நிற்கும்போதே கேட்டாள். "கால் வலிக்கு அந்தத் தழைய கஷாயம் வச்சுக் குடிப்பேங்க. இப்ப பாப்பா குடிக்கக் கூடாதுங்குது. எது நல்லது எது கெட்டதுன்னு தெரியாம கலந்து மொளைச்சிருக்காம். நீங்க சொல்லுங்க சார், குடிக்கலாமா?"

"தாராளமா குடிங்கம்மா. ரெண்டும் ஒரே செடிதான்" என்றேன்.

எழில்மொழி என்னைப் பார்த்தாள். பெற்ற தாயின் முன்னால் தன் வாத்தியாரை மறுத்துப் பேச அவளுக்குத் தெரியாது. அந்த மரியாதையை நான் கற்றுக்கொடுக்கவில்லை, ஊர் கற்றுக்கொடுத்திருந்தது. ஊர் கற்றுக்கொடுப்பவை பெரும்பாலும் வேறு யாருக்காவதுதான் உபயோகப்படுகின்றன.

நான் திரும்பியபின் அவள் தன் வழியில் வேலையை முடித்தாள். தெருக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு வாய்க்கால் மேட்டில் மஞ்சளாகப் பூத்த அத்தனையையும் பிடுங்கிக் கொளுத்தினாள். பழையது, புதியது என்று பார்க்கவில்லை. கட்டுரைக்காகச் சில செடிகளை மட்டும் உலர்த்தித் தாளில் ஒட்டிவைத்துக்கொண்டாள். ஆடு சாவது நின்றது. அமிர்தத்துக்குக் கஷாயத்துக்கு இலை இல்லாமல் போயிற்று. நடவு நேரத்தில் அவளுடைய மூட்டு வலி அதிகமாகிவிட்டதாகத் தெரிந்தது.

ஐப்பசியிலிருந்து நான் அவளுக்கு இலை கொண்டுபோய்க் கொடுத்தேன். நிழலில் உலர்த்தி, நொறுக்காமல், சுத்தமாகப் பொட்டலம் கட்டி. எழில்மொழி கும்பகோணத்தில் இருக்கிற நாளாகப் பார்த்துப் போவேன். பாப்பாவிடம் சொல்ல வேண்டாம், வீணாகச் சண்டை போடும் என்றேன். அமிர்தம் சிரித்தாள். மகளை ஏமாற்றி ஒரு நல்ல காரியம் செய்வதில் அம்மாக்களுக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது.

"காலேஜு வாத்தியாரு எங்க வூட்டுக்கு மருந்து கொண்டாந்து குடுக்குறாருன்னு சொன்னா யாரு நம்புவா சார்" என்பாள். திரும்பும்போது முருங்கைக்காயோ புது அரிசியோ பையில் போட்டுவிடுவாள். வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டாள். ஒன்றைக் கொடுத்தால் உடனே இன்னொன்றைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்று இந்த ஜனங்களுக்கு ஒரு பதற்றம். அதை நன்றி என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

அந்த இலை எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்கள். காவல் நிலையத்து வராந்தாவில் இருக்கும் தொட்டிகளிலிருந்து. என் மேசையில் உதிர்ந்த காய்களின் விதையை ஆடியில் ஊன்றினேன். பழுதில்லாமல் முளைத்தது.

என் நியாயம் எளிமையானது. அமிர்தம் குடித்து நன்றாக இருந்தால், எழில்மொழியின் ஆட்டுக் கதை பொய்யாகிவிடும். தன் அம்மாவையே சாட்சியாக வைத்து நான் அதை அவளுக்குக் காட்டலாம். நன்றாக இல்லாமல் போனால், படுத்திருக்கும் அம்மாவை விட்டுவிட்டு ஒரு பெண் கட்டுரை எழுதப்போவதில்லை. அப்பா மஸ்கட்டில். வீட்டில் வேறு ஆள் கிடையாது. எப்படிப் போனாலும் எண்பது எண்பதாகவே இருக்கும். இதில் கோபம் எதுவும் இல்லை. அமிர்தத்தின் மேல் எனக்கு ஒரு விரோதமும் கிடையாது. அவளைப் பற்றி நான் நினைத்ததே குறைவு.

தை அறுவடையின்போது வயிறு வீங்க ஆரம்பித்தது. கண் மஞ்சளாயிற்று. முதலில் குடவாசலில் காட்டினார்கள், பிறகு தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். ஈரல் கெட்டிருக்கிறது என்றார் அங்கிருந்த மருத்துவர். ஏதாவது பச்சிலை சாப்பிட்டீர்களா என்று அவர் கேட்டதும், அமிர்தம் பயந்துபோய் பொட்டல விஷயத்தைச் சொல்லிவிட்டாள். எழில்மொழி எனக்குப் போன் செய்தாள். அழுதுகொண்டே, ஆனால் மரியாதையாகத்தான் பேசினாள்.

"நீங்க குடுத்ததுங்கறதால நான் பயப்படல சார். டாக்டர்கிட்ட அது என்ன செடின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

போய்ச் சொன்னேன். நாற்பத்து மூன்றாவது; இந்தப் பக்கத்தில் காலங்காலமாகக் குடிக்கிறார்கள்; விஷம் கிடையாது. மருத்துவர் எழுதிக்கொண்டார். என் புத்தகத்தைப் பற்றி எழில்மொழி அவரிடம் ஏற்கனவே சொல்லியிருந்தாள். பச்சிலை இல்லை என்று ஆனபின் அவருக்கு ஒரு கேள்விதான் மிச்சம். அமிர்தத்திடம் குனிந்து, சாராயப் பழக்கம் உண்டா என்று கேட்டார்.

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "சாமி சத்தியமா அந்த வாடையே ஆகாதுங்க எனக்கு" என்றாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் சிரித்தாள். வீட்டில் ஆம்பளை இல்லாதவர்கள் எல்லாம் இப்படித்தான் சொல்வார்கள் என்று அவள் தன் தங்கையிடம் சொன்னது எங்களுக்கும் கேட்டது. நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு கொன்றை மரத்தைத் தப்பான பருவத்தில் கழித்துவிட்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் கஷாயம் இல்லை. வீக்கம் மெல்ல வடிந்தது. மாசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். எழில்மொழி தாராசுரத்துக்கு வந்து என் எதிரில் நின்றாள்.

"நீங்க சொன்னதுதான் சரி சார். அம்மா மாசக்கணக்கா குடிச்சிருக்காங்க, அது விஷமில்லன்னு நீங்களே சொல்லிட்டீங்க. ஆடு வேற எதையோ தின்னிருக்கும். அம்மாவையும் பாத்துக்கணும். நான் கட்டுரைய நிறுத்திட்டேன்."

அத்துடன் முடிந்துவிட்டது. எனக்கு வேண்டியது அதுதான். இரண்டாம் பதிப்பும் கையில் கிடைத்திருந்தது, நல்ல அட்டை.

அடுத்த வாரம் அமிர்தத்துக்கு இன்னொரு பொட்டலம் கொண்டுபோனேன்.

காவல் நிலையத்தில் இதைச் சொன்னபோது, இன்ஸ்பெக்டர் அருள்சாமி இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்தார். எதுக்கு சார் என்றார். அவருக்கு விளக்கிப் பயனில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். குடித்தபோது வீங்கியது, நிறுத்தியபோது வடிந்தது. ஒருமுறை நடந்தது தற்செயலாக இருக்கலாம். திரும்பச் செய்து பார்க்காமல் எதையும் தெரிந்துகொண்டதாகச் சொல்ல முடியாது. என் மாணவர்களுக்கு நான் முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுப்பது இது. அமிர்தம் தயங்கினாள். "டாக்டர் எதுவும் குடிக்க வேணாம்னாருங்களே" என்றாள். டாக்டர் என்னிடம் கேட்டுத்தான் எழுதினார் என்றேன். அது உண்மை. இரு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

சித்திரையில் இறந்துபோனாள். இந்த முறை தஞ்சாவூர் போவதற்கு நேரம் இருக்கவில்லை. கோவிந்தராசு விமானத்தில் வந்துசேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். நான் காரியத்துக்குப் போயிருந்தேன். அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்களாவது கூட இருந்தீங்களே சார் என்று அழுதார். உள்ளங்கை முழுக்கச் சிமெண்ட்டு வெடிப்பு. கையை விடுவித்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

என் பிழை ஒன்றே ஒன்று. கடைசிப் பொட்டலத்தில் இலைகளோடு ஒரு பூவும் விழுந்திருந்தது. நான் கவனிக்கவில்லை. அடுப்படியைச் சுத்தம் செய்தபோது எழில்மொழி அதைப் பார்த்திருக்கிறாள். காய்ந்து சுருங்கிய பூ. வெந்நீரில் ஊறவைத்து, ஊசியால் பிரித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தாள். நான் கற்றுக்கொடுத்த முறை. மூக்கு முறுக்கியிருந்தது. மிச்ச இலையை எங்கோ ஒரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாள். ஈரலைக் கெடுக்கும் நஞ்சு அதில் ஏராளம் என்று பதில் வந்தது.

அவள் முதலில் போலீசுக்குப் போகவில்லை. கட்டுரையை முடித்தாள். இந்த ஆண்டு அது வெளியாயிற்று. தன் அம்மாவின் பெயரை வைப்பாள், சிரிக்கலாம் என்று காத்திருந்தேன். ஊரின் பெயருக்கு லத்தீன் வால் ஒட்டி வைத்திருக்கிறாள். விகுதி சரியாகவே இருக்கிறது. அதன் பிறகுதான் புகார் கொடுத்தாள்.

புகாரை நான் படித்தேன். அதில் விஷம் கொடுத்தார் என்று இல்லை. அடையாளம் தெரியாமல் கொடுத்துவிட்டார் என்று இருக்கிறது. காவல் நிலையத்தில் எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து அருள்சாமி விசாரித்தார். அவள் அழவில்லை. என்னைப் பார்த்துப் பேசவும் இல்லை. அவரைப் பார்த்து, நிதானமாகச் சொன்னாள்.

"சாருக்கு வயசாயிடுச்சு சார். கண்ணு முன்ன மாதிரி தெரியல. ரெண்டு செடிக்கும் வித்தியாசம் அவருக்குப் பிடிபடல. நான் அன்னைக்குக் காட்டினப்பவே அவருக்குப் புரியல. வேணும்னு செஞ்சாருன்னு நான் சொல்லமாட்டேன். பாவம், அவருக்குத் தெரியாது."

பாவம் என்றாள். என் மாணவி. படகிதழ் எது, கொடியிதழ் எது என்று நான் விரல் வைத்துக் காட்டியவள். அருள்சாமியும் தலையை ஆட்டினார், அவருக்கும் என்மேல் இரக்கம். கவனக்குறைவால் மரணம் என்று வழக்கைப் பதிந்தார்கள். கையெழுத்துப் போட்டு ஜாமீனில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நான் போடாமல், நடந்ததை அருள்சாமியிடம் சொன்னேன்; போலீசிடம் சொன்னது கோர்ட்டில் செல்லாது என்று உங்களிடம் அனுப்பிவைத்தார்.

என் வக்கீல் ஜாபிர் நேற்று இரண்டு மணி நேரம் என்னோடு மன்றாடினார். "சார், அந்தப் பொண்ணு பேசினது அத்தனையும் உங்க வாயத் தொறக்கவைக்கத்தான். பன்னண்டு வருஷம் உங்ககிட்ட இருந்தவ, உங்கள எங்க தொட்டா வலிக்கும்னு அவளுக்குத் தெரியும். வேணும்னு செஞ்சதுக்கு அவங்ககிட்ட ஒரு ஆதாரமும் கிடையாது. தெரியாம குடுத்துட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, முடிஞ்சிரும்."

ஜாபிர் சட்டம் படித்தவர், மனிதர்களைப் படித்தவர் அல்ல. எழில்மொழிக்கு அவ்வளவு சூது கிடையாது. அவள் அந்த அபத்தத்தை உண்மையிலேயே நம்புகிறாள். நாளைக்கு அதை எங்காவது எழுதியும் வைப்பாள். இந்தியாவின் கிலுகிலுப்பைகளை வகைப்படுத்திய பரணிதரனுக்கு, தன் வீட்டு வாசலில் இருந்த ஒன்றை அடையாளம் காணத் தெரியவில்லை என்று. பின்னால் வருகிறவர்கள் அதைப் படிப்பார்கள்.

ஆகவே இதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மூக்கு மட்டுமல்ல வேறுபாடு. நாற்பத்து மூன்றின் விதை மழமழப்பாக இருக்கும். இதன் விதையில், காம்போடு ஒட்டும் குழியைச் சுற்றி ஒரு மெல்லிய விளிம்பு உண்டு. எழில்மொழியின் கட்டுரையில் அது இல்லை. அவள் பார்க்கவில்லை. நான் முதல் நாளே, அவள் எதிரில் உட்கார்ந்திருந்தபோதே பார்த்தேன். இது எண்பத்தொன்று என்று இந்த உலகத்தில் முதலில் அறிந்தவன் நான். தெரிந்துதான் விதைத்தேன். தெரிந்துதான் உலர்த்தினேன். எந்தச் செடி, அது என்ன செய்யும் என்று தெரிந்துதான் அமிர்தத்தின் கையில் கொடுத்தேன், அவள் பிழைத்துவந்த பிறகும் கொடுத்தேன். முதல் தகவல் அறிக்கையில் கவனக்குறைவு என்று ஒரு சொல் இருக்கிறது. அதை அடித்துவிட்டுக் கொலை என்று எழுதுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? கண்ணாடி வேண்டாம், இப்படியே தெரிகிறது. வெளியே பெஞ்சில் எழில்மொழி காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள், எதற்காகக் காத்திருக்கிறாளோ. போகும்போது அவளிடம் யாராவது சொல்லிவிடுங்கள், சாருக்குக் கண் நன்றாகவே தெரிகிறதென்று.